வெள்ளி சிகாகோ, சனி மில்வாக்கீ

மே, கடைசி வியாழன்

இவருக்கு வேலை போய்விட்டது. காலையில் வீடியோவில் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்து, "முடிஞ்சுது" என்றார். மீட்டிங்கைச் சொல்கிறார் என்று நினைத்து, "ரெண்டு தோசை போதுமா?" என்று கேட்டேன். போதும் என்றார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

எச்1பி விசாக்காரருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி இவருக்காக விண்ணப்பம் போட வேண்டும். இல்லையென்றால் ஊர் போய்ச் சேர வேண்டும். நானும் எங்கள் மகன் தம்பியும் இவர் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். அவருக்கு என்னவோ அதுதான் எங்களுக்கும்.

தூக்கம் வரவில்லை. தம்பியின் பழைய நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது, அதில் எழுதுகிறேன்.

மறுநாள்

பேஸ்பால் டிக்கெட்டை விற்றுவிடலாம் என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஜூன், முதல் திங்கள்

டிக்கெட் பிப்ரவரியில் வாங்கியது. தம்பிக்கு ஒன்பது வயது நிறைந்ததற்காக. அன்றைக்கு அவன் கேட்டது ஒரே வாரக் கடைசியில் சிகாகோவின் இரண்டு அணிகளையும் பார்க்க வேண்டும் என்று. வடக்கே கப்ஸ், தெற்கே ஒயிட் சாக்ஸ். அட்டவணையை எடுத்துப் பார்த்தால் ஒன்று ஊரில் இருக்கும்போது மற்றது பெரும்பாலும் வெளியூரில்! இரண்டு அணி உள்ள நகரத்தில் அப்படித்தான் போடுவார்களாம். அதனால் இவர்தான் யோசனை சொன்னார்: வெள்ளி மதியம் சிகாகோவில் கப்ஸ், சனி மாலை மில்வாக்கீயில் புரூவர்ஸ். நடுவே 90 மைல்தான்.

இன்றைக்கு இவர் ரெஸ்யூமே திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் நான் மறுபடி முழுத் திட்டத்தையும் போட்டேன். ஹோட்டல் இனி ஆகாது. அரோராவில் இவருடைய காலேஜ் நண்பர் இருக்கிறார். பாலாஜி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. நாங்கள் இருக்கும் ப்ளூமிங்டனிலிருந்து வெள்ளி காலை காரில் அரோரா. ரிக்லி மைதானத்தைச் சுற்றி வண்டி நிறுத்தக் கேட்கிற காசுக்கு ஒரு வாரத்துக் காய்கறி வாங்கலாம், ஆகவே காரை நண்பர் வீட்டு வாசலில் போட்டுவிட்டு மெட்ரா ரயிலில் யூனியன் ஸ்டேஷன். அங்கிருந்து ஜாக்சன் வரை நடை. சிவப்புத் தடத்தில் ஏறி அடிசனில் இறங்கினால் மைதானம் கண்ணுக்கு நேரே. ஆட்டம் 1.20க்கு.

மில்வாக்கீக்கு ஹியாவாதா ரயில் ஒன்றரை மணி நேரம். தம்பிக்கு அந்தப் பெயரே பிடித்துவிட்டது. ஆனால் 6.10க்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து ரயிலில் திரும்ப வழியில்லை, அங்கே ஒரு ராத்திரி தங்க வேண்டிவரும். அடித்துவிட்டேன். கார்தான்.

மில்வாக்கீ மைதானத்துக்கு மூடித் திறக்கிற கூரை. மழை பெய்தாலும் ஆட்டம் நடக்கும். இந்த மாதத்தில் நான் கேள்விப்பட்டவற்றில் இது ஒன்றுதான் உறுதியான சமாசாரம்.

புதன்

வக்கீலிடம் அரை மணி நேரம். நமக்கே தெரிந்ததைச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார்.

சனி

எதிர்வீட்டுத் தாத்தா கராஜ் கதவைத் தூக்கிவிட்டு ரேடியோவில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கப்ஸ் கட்சி, அவர் வீட்டுப் பாட்டி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கட்சி. இந்த ஊரில் பாதி வீடு அப்படித்தான். தம்பி நேராக ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனைக் கூப்பிடப் போன நானும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

தாத்தா மடியில் ஒரு அட்டை, அதில் கட்டம் போட்ட தாள், கையில் பென்சில். ரேடியோவில் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டே போகிறார். பந்து வீசுகிறவர் 1, பின்னால் உட்கார்ந்து பிடிக்கிறவர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. வெளியே இடமிருந்து வலம் 7, 8, 9. "6-3" என்று எழுதினால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில 'கே'. மட்டையை அசைக்காமலே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும்.

இதுவரை பொழுதுபோக்காகக் கேட்டேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் தாளைச் சரிபார்க்க வேண்டுமாம். ஒரு அணியில் மட்டை பிடிக்க வந்த ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு வழியில்தான் போக முடியும். சுற்றி வந்து ரன் எடுத்திருப்பார், அல்லது அவுட் ஆகியிருப்பார், அல்லது அவர் பேஸில் நிற்கும்போதே இன்னிங்ஸ் முடிந்து அங்கேயே விடப்பட்டிருப்பார். வந்தவர்களின் கூட்டுத்தொகையும் இந்த மூன்றின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருந்தால்தான் தாள் சரி.

காரைக்குடியில் ஆடிட்டர் ஆபீஸில் நான்கு வருஷம் உட்கார்ந்தவளுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? அப்பட்டமான ஐந்தொகை. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், ஒரு ஆள்கூடத் தொலைய முடியாது. "இது எப்பவும் சரியா வருமா?" என்று கேட்டேன். தோற்ற ஆட்டத்திலும் சரியாக வரும் என்றார். பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனால் மட்டும் இடிக்குமாம்: 2020 முதல் கூடுதல் இன்னிங்ஸில் ஒரு ஆளைச் சும்மா கொண்டுபோய் இரண்டாம் பேஸில் நிறுத்திவிடுகிறார்கள். மட்டையே பிடிக்காமல் வந்து நிற்கிறவனை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தாத்தா இன்னும் பொருமுகிறார். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை.

கப்ஸ் 1908இல் கோப்பை வாங்கினார்கள். அடுத்தது 2016இல். தாத்தாவுடைய அப்பா நடுவில் பிறந்து நடுவிலேயே போய்விட்டார். அந்த வருஷம் ரிக்லியின் செங்கல் சுவரில் ஜனங்கள் சாக்பீஸால் செத்துப்போனவர்கள் பெயரை எழுதினார்கள். தாத்தாவும் போய் அப்பா பெயரை எழுதிவிட்டு வந்தாராம். மழை வந்தால் அழியாதா என்றான் தம்பி. அழியும்தான் என்றார் தாத்தா.

எனக்குப் பத்துத் தாள் கொடுத்தார். இவருக்கு வேலை போனது அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. கேட்கவில்லை, அதுவே போதும்.

ஞாயிறு

டிவியில் வந்த ஆட்டத்தை வைத்து எழுதிப் பார்த்தேன். டேலி ஆகிவிட்டது. இவரிடம் காட்டினேன். "நல்லாருக்கு" என்று திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

செவ்வாய்

சண்டை. இந்த நேரத்தில் எவனாவது ஆட்டம் பார்க்கப் போவானா என்றார். டிக்கெட்டை இப்போது விற்றால் போட்டதில் கால்வாசிகூடத் தேறாது என்று கணக்குச் சொன்னேன். "உனக்கு எல்லாமே கணக்குதான்" என்றார். எத்தனை கம்பெனிக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேனா? கேட்கவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் போக மீதி எல்லாம் கட்டின பணம், புளியோதரை நான் கட்டப்போவது, தங்குவது நண்பர் வீடு. எந்த இடத்தில் ஆடம்பரம் என்று காட்டட்டும். ராத்திரி பேசாமலே சாப்பிட்டோம்.

அத்தை போன் செய்தார்கள். "ஆடிக்கு வர்றீகளா?" அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. பார்க்கலாம் அத்தை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்து வெளியே போனார்.

வியாழன்

எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

சனி

இன்று மனசு லேசாக இருக்கிறது, காரணம் தெரியவில்லை. தம்பியோடு மில்வாக்கீ சங்கதிகளைப் படித்தேன். ஆறாவது இன்னிங்ஸின் நடுவே ஐந்து ஆட்கள் தொத்திறைச்சி வேஷம் போட்டு மைதானத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுவார்களாம். மில்வாக்கீ முழுக்க அதற்குத்தான் கைதட்டுமாம். பரோட்டா, இடியாப்பம், பணியாரம் என்று வேஷம் போட்டு ஓடினால் நாமும்தான் கைதட்டுவோம். அந்த ஐந்தில் தம்பி 'சோரிசோ' பக்கம். சைவக் குடும்பத்தில் பிறந்து இப்படி ஒரு பக்தி.

அந்தக் கூரை கட்டும்போது 1999இல் பெரிய கிரேன் சாய்ந்து மூன்று தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வாசலில் சிலை இருக்கிறது. கூரையைப் பற்றி நான் சந்தோஷப்பட்டது நினைவுக்கு வந்தது. சிலையைத் தேடிப் பார்க்க வேண்டும். ஹாங்க் ஆரன் தன் 755ஆவது, கடைசி ஹோம் ரன்னை 1976இல் அடித்தது அங்கிருந்த பழைய மைதானத்தில். பந்து விழுந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம், ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். அதையும் பார்க்க வேண்டிய பட்டியலில் தம்பி சேர்த்தான்.

ரிக்லிக்கு ஸ்வெட்டர் கட்டாயம் என்றும் எழுதிவைத்தேன். ஏரிக் காற்று உள்ளே அடித்தால் ஜூனிலும் குளிரும், பந்தும் போகாது. வெளியே அடித்தால் தலைகீழ்: 1979 மே மாதம் ஒரு நாள் பிலடெல்பியா 23, கப்ஸ் 22.

திங்கள்

பள்ளி விடுமுறை என்பதால் தம்பி நாள் முழுக்க வீட்டில். அவன் மேசையைத் துடைக்கும்போது ஒரு தாள் கிடைத்தது. இடப்பக்கம் 1.20, 6.10, 7.05 என்று ஆட்ட நேரங்கள். வலப்பக்கம் அவன் எழுதியிருப்பது: ராத்திரி 11.50. விடியக்காலை 4.40. விடியக்காலை 5.35.

மேலே தலைப்பு "காரைக்குடி டைம்". பத்தரை மணி நேரத்தைச் சரியாகக் கூட்டியிருக்கிறான். 11.50க்கு எதிரே மட்டும் சின்னதாக ஒரு கேள்விக்குறி; மறுநாள் பள்ளி இருக்குமே என்றுதான் இருக்கும்.

நாங்கள் அவனிடம் எதையும் சொல்லவில்லை. தாளை இருந்த இடத்திலேயே வைத்தேன். இவரிடம் மட்டும் சொன்னேன். நெடுநேரம் கழித்து, "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார்.

வெள்ளி, ராத்திரி, அரோரா

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மாடிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரயில், நடை, சிவப்புத் தடம், எல்லாம் திட்டம் போட்டபடியே. உள்ளே படியேறி வெளிச்சத்துக்கு வந்ததும் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். 1914இல் கட்டியது. செங்கல் சுவர் முழுக்கக் கொடி. ஸ்கோர் பலகையில் இன்னும் உள்ளே ஆட்கள் உட்கார்ந்து தகடு மாற்றுகிறார்கள். ஒரு எண் பாதி திரும்பி நின்றதைப் பார்த்தேன், பின்னால் ஒரு கை அதைத் தட்டிச் சரிசெய்தது. விளக்கே இங்கே 1988இல்தான் போட்டார்களாம்.

எங்கள் இருக்கை மேல்தளத்துக்கு அடியில், மூன்றாம் பேஸ் பக்கம். நிழல் நன்றாக இருந்தது. எனக்கு முன்னால் மட்டும் ஒரு இரும்புத் தூண். வலப்பக்கம் சாய்ந்தால் அடிக்கிறவர் தெரிவார், இடப்பக்கம் சாய்ந்தால் பந்து வீசுகிறவர். ஆட்டம் முழுக்க ஆடிக்கொண்டே எழுதினேன். பின்வரிசைப் பெண்மணி என் தாளை எட்டிப் பார்த்து, இப்போதெல்லாம் யாரும் எழுதுவதில்லை என்றாள்.

நான்காவது இன்னிங்ஸில் இவர் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் எழுந்து படியிறங்கி ஓடினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதினேன். அதற்கு முன்னும் பின்னும் என் எழுத்து கோணலாக இருக்கிறது, அந்த இன்னிங்ஸ் மட்டும் அச்சடித்த மாதிரி.

வந்து உட்கார்ந்தார். அடுத்த வாரம் இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிடுவார்களாம், திங்கள் நேரம் சொல்வார்களாம். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. சற்று நேரம் மைதானத்தையே பார்த்துவிட்டு, "நான் இல்லாதப்ப என்ன ஆச்சு?" என்றார். தாளை மடியில் வைத்து விரலால் தொட்டுப் படித்துச் சொன்னேன். முதல் ஆள் 6-3. இரண்டாம் ஆள் நாலு பந்து வாங்கி நடந்து முதல் பேஸ். மூன்றாம் ஆள் திருப்பிப் போட்ட கே. அடுத்தவர் தூக்கி அடித்தார், நடுவில் 8 பிடித்துவிட்டார். "அப்ப அந்த நடந்து போனவன்?" என்றார். அங்கேயே நின்றான் என்றேன். "ம்" என்று புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

ஏழாவது இன்னிங்ஸில் எல்லோரும் எழுந்து பாடினார்கள். இவரும் எழுந்தார், வார்த்தை தெரியாமலே வாயசைத்தார். வேலை போன பிறகு இவர் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். தம்பி அதைப் போட்டோ எடுத்தான்.

கப்ஸ் தோற்றார்கள். பலகை மேலே நீலக் கொடியில் வெள்ளை 'எல்' ஏற்றினார்கள். தம்பி ரயிலில் என் தோளில் தூங்கிவிட்டான்.

சனி, காலை

நண்பரின் மனைவி இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறார். பகலில் கிளம்பினால் சிலையையும் தகட்டையும் பார்த்துவிட்டு ஆட்டத்துக்கு உட்காரலாம். தம்பி தொப்பியை மாற்றிவிட்டான். இன்று புரூவர்ஸ் என்கிறான். விசுவாசம் கெட்டவன்.

நேற்றைய தாளைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரி. இன்றைக்கு ஒரு புதுத் தாளும் இரண்டு பென்சிலும் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கள் எந்த நேரம் என்று அந்தக் கம்பெனியிலிருந்து இன்னும் தகவல் இல்லை.