பெருநாள் இரண்டு, மையவாடி ஒன்று

வேளாங்கண்ணி பேருந்து நிலையத்திலிருந்து மாதா கோயிலுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் கடைகள்தான். மெழுகுவர்த்தி, ஜெபமாலை, பிளாஸ்டிக் பொம்மை, தொப்பி, கூலிங் கிளாஸ் என்று எல்லாம் கிடைக்கும். அதில் சில கடைகள் பாய்மார்களுடையவை. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. உள்ளூர்க்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

நாகூரில் வீடு, வேளாங்கண்ணியில் ஃபேன்ஸி கடை என்று வாழ்ந்த ஒரு பெரியவரைப் பற்றியது இந்தக் கட்டுரை. பெயர் வேண்டாம். பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் நடுவே நாகப்பட்டினம். மொத்தம் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். தினமும் காலையில் சுபுஹு தொழுதுவிட்டு பஸ் ஏறுவார், இரவு கடைசி பஸ்ஸில் திரும்புவார். ஆகஸ்ட் 29ல் மாதா கோயிலில் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை கடையிலேயே படுக்கை. நாகூர் கந்தூரிக்குக் கொடி ஏறினால் பதினான்கு நாளும் ஊரை விட்டு நகரமாட்டார். அவருடைய வருஷத்துக்கு இரண்டு கொடிகள்!

நாகூர் தர்காவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது நாயகம் அங்கே அடங்கியிருக்கிறார். அங்குள்ள ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இந்துக்களும் வந்து முடி இறக்குவார்கள். நாகூர், வேளாங்கண்ணி இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட்டுப் போகும் குடும்பங்கள் ஏராளம். ஆக மதங்களுக்கு இடையே அந்தக் கடற்கரையில் பெரிய தகராறு கிடையாது. தகராறு இருந்தது வீட்டுக்குள்ளே.

தமிழ்நாட்டு முஸ்லிம்களிடையே 1980களில் தவ்ஹீத் பிரச்சாரம் பரவியது. தர்காவுக்குப் போகக்கூடாது, மவ்லூது ஓதக்கூடாது, கத்தம் பாத்திஹா கூடாது, அல்லாஹ்விடம் மட்டுமே கேட்க வேண்டும் என்பது அதன் அழைப்பு. முதலில் ஒலிநாடாக்கள், பிறகு சிடிக்கள் என்று ஊர் ஊராகப் போனது. 1995ல் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) தொடங்கியது. 2004ல் அதிலிருந்து பிரிந்து தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் உருவானது. இந்த வரலாற்றை யார் எழுதினாலும் இன்னொருவர் வந்து இல்லை என்பார். அதனால் வருஷங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பெரியவரின் ஒரே மகன் அந்த சிடிக்களைக் கேட்டு வளர்ந்தவர். இருபத்திரண்டு வயதில் தாடி வைத்தார், தொப்பியைக் கழற்றினார், தர்கா வாசல் பக்கம் போவதை நிறுத்தினார். நாகூரில் பிறந்துவிட்டு தர்கா வாசலுக்குப் போகாமல் இருப்பது சாதாரண விஷயமா? கடைத்தெருவுக்கே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்! அத்தஹியாத்தில் விரலை அசைப்பதா கூடாதா, ரமளான் இரவுத் தொழுகை எட்டு ரக்அத்தா இருபதா என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வாக்குவாதம். "வாப்பா, நீங்க செய்றது ஷிர்க்கு" என்று ஒருநாள் மகன் சொல்லிவிட்டார். பெரியவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் இல்லை. பேச்சு இல்லை என்றால் சமாதானம் என்று அர்த்தமில்லை, அது எல்லோருக்கும் தெரியும்.

மகன் ஊர்ப் பள்ளிவாசல் இமாமின் பின்னால் நின்று தொழுவதையும் விட்டார். மர்கஸில் தொழுதார். 2004 நவம்பர் மத்தியில் வந்த நோன்புப் பெருநாள் அந்த வீட்டுக்கு இரண்டு நாள் வந்தது. பிறை தெரிந்ததா இல்லையா என்பதில் தமிழ்நாட்டு முஸ்லிம்கள் ஒரே முடிவுக்கு வந்த வருஷங்கள் குறைவு. அரசு தலைமை காஜியின் அறிவிப்பை ஒரு சாரார் ஏற்பார்கள், உலகில் எங்கு பார்த்தாலும் போதும் என்று ஒரு சாரார், கணக்கிட்டாலே போதும் என்று ஒரு சாரார். அன்று மகன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு திடலுக்குப் போனபோது வாப்பா முப்பதாவது நோன்பில் இருந்தார். உம்மா மட்டும் இரண்டு நாளும் பிரியாணி ஆக்கினார். எந்த நாள் அவருக்குப் பெருநாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை.

காலை ஆறரை மணி அளவில் சுமத்ரா அருகே கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. ஒன்பது மணி வாக்கில் நாகைக் கரையில் அலை ஏறியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதிலும் ஞாயிறு என்பதால் வேளாங்கண்ணியில் கூட்டமோ கூட்டம். கோயிலில் தொழுது முடித்தவர்கள் குளிப்பதற்குக் கடலுக்குப் போயிருந்தார்கள். கரையோரக் கடைகள் இருந்த இடம் தெரியாமல் போயின. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தியாவின் நிலப்பரப்பில் இவ்வளவு பேரைப் பறிகொடுத்த மாவட்டம் வேறு கிடையாது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்று அதுவரை தமிழ்நாட்டுக்கே தெரியாத மீனவ கிராமங்களின் பெயர்கள் டிவியில் ஓடின.

பெரியவரின் கடை பேருந்து நிலையப் பக்கம் இருந்ததால் அவர் தப்பினார். மகனுக்கு அது தெரியாது. செல்போன் வேலை செய்யவில்லை. காலையில் நாகூர் மீனவர் குப்பத்தில் ஆட்களைத் தூக்கிவிட்டு, மதியத்துக்கு மேல் வாப்பாவைத் தேடிக் கிளம்பியவர் கொஞ்ச தூரம் பைக், கொஞ்ச தூரம் லாரி, மீதி நடை என்று வேளாங்கண்ணி வந்து சேரும்போது இருட்டிவிட்டது. வாப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பெண்ணின் உடலைத் தூக்கிக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தக் காலைப் பிடி" என்றார். அவ்வளவுதான்.

அன்றிரவும் அடுத்த நாட்களிலும் அந்தக் கரையில் நடந்ததை இன்றைக்கும் ஆட்கள் சொல்வார்கள். தமுமுக தொண்டர்கள் ஆம்புலன்ஸோடு வந்தார்கள். தவ்ஹீத் ஜமாஅத் இளைஞர்கள் வந்தார்கள். தர்கா குடும்பத்துப் பிள்ளைகள் வந்தார்கள். நாகூரில் தர்காவுக்குச் சொந்தமான இடத்தில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல் உடல்கள் அடக்கப்பட்டன. வடக்கே கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார் மீனவ மக்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டார்கள். விரலை அசைப்பவர் யார், அசைக்காதவர் யார் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

முஸ்லிம்களிடம் மையித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுது அடக்க வேண்டும். அதற்கு முறை இருக்கிறது, அது தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர்தான் இருப்பார்கள். பெரியவர் அந்த நாலு பேரில் ஒருவர். ஆனால் பொக்லைன் தோண்டிய குழி, ப்ளீச்சிங் பவுடர், வரிசை வரிசையாக உடல்கள் என்று இருந்த இடத்தில் என்ன முறை செய்வது? யார் எந்த மதம் என்றே தெரியவில்லை. பெரியவர் முடிந்தவரை முகத்தைத் துடைத்தார், கண்ணை மூடிவிட்டார், கலைந்த துணியைச் சரிசெய்தார். ஒவ்வொரு உடலுக்கும் உதடு அசைந்தது. மற்ற நாளாக இருந்தால் அதற்கு மகனிடம் ஆதாரத்தோடு ஒரு மறுப்பு இருந்திருக்கும். அன்று அவர் வாப்பாவின் கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றார்.

மகனிடமும் வாப்பாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. முப்பது பையன்களைப் பிரித்து, நீ இங்கே, நீ அங்கே என்று நிறுத்தி, யார் எந்த உடலை எங்கே பார்த்தார், என்ன அடையாளம் என்று நோட்டில் எழுதவைத்தார். தேடி வந்த கேரளாக்காரக் குடும்பம் ஒன்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் தங்கள் பிள்ளை போன இடத்தைத் தெரிந்துகொண்டது. "இந்தப் பயலுவளுக்கு இதெல்லாம் தெரியுது" என்று பெரியவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னாராம். மகனிடம் சொல்லவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேடையில் பேசுபவர்கள் இங்கேதான் முடிப்பார்கள். ஆனால் 2005 ஜனவரி மூன்றாவது வாரம் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. சுனாமி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கையிலிருந்து ப்ளீச்சிங் பவுடர் வாடைகூடப் போயிருக்காது. மகன் திடலுக்குப் போனார், வாப்பா பள்ளிவாசலுக்குப் போனார்.

ஒற்றுமை என்றாலே எல்லா இயக்க மேடையிலும் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 103வது வசனம்தான் முதலில் ஓதப்படும். ஓதி முடித்த பத்தாவது நிமிடம் அடுத்த இயக்கத்தைத் திட்டத் தொடங்குவார்கள். ஆபத்து வந்தால் மட்டும் காட்சி மாறும். கல்வி, வேலைவாய்ப்பில் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007ல் கிடைத்ததற்கு முன்னால் எல்லா இயக்கமும் தனித்தனியாக என்றாலும் ஒரே கோரிக்கையைக் கேட்டன. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது பல அமைப்புகள் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. 2020 பிப்ரவரியில் சென்னை வண்ணாரப்பேட்டையில் உம்மாக்களும் பிள்ளைகளும் இரவு பகலாக உட்கார்ந்தபோது யாரும் யாருடைய ஜமாஅத் என்று கேட்கவில்லை. அடுத்த மாதமே கொரோனா. டெல்லி நிஜாமுதீன் மர்கஸ் கூட்டத்தைக் காரணம் காட்டி நாடு முழுக்க முஸ்லிம்களையே நோயாகப் பார்த்தார்கள். அந்த வருஷம் சொந்தப் பிள்ளைகளே தொடப் பயந்த உடல்களை, எந்த மதமானாலும், முஸ்லிம் அமைப்புகளின் இளைஞர்கள் கவச உடை போட்டுக்கொண்டு அடக்கம் செய்தார்கள். ஆபத்து நீங்கியதும் மறுபடி விரல், தொப்பி, பிறை...

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒன்று சொன்னால் உடனே புரியும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத் தொகையைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு மேலே வேலையைப் பார்ப்பார்கள். தவறு சரியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. தேடிக் கண்டுபிடிக்கும்வரை கடை நடக்க வேண்டுமே! இந்தச் சமுதாயத்தின் ஒற்றுமையும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அது போலித்தனம் என்று சிலர் சொல்வார்கள். அது போலியில்லை. நாளைக்குக் கணக்கு முடிக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறவன்தான் சஸ்பென்ஸ் கணக்குத் திறப்பான், எண்ணம் இல்லாதவன் புத்தகத்தையே மூடிவிடுவான்.

அந்த வீட்டில் யாரும் புத்தகத்தை மூடவில்லை. சின்னச் சின்ன மாற்றங்கள்தான். ஒரு வருஷம் தொழுகை முடிந்து வந்த மகனிடம், "என்னத்தான் சொல்றானுவ அங்க, சொல்லு கேப்போம்" என்று பெரியவரே கேட்டார். கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து தர்காவில் நேர்ச்சைக்கு வைத்திருந்த பணத்தில் பாதியை ரமளானில் விதவைகளுக்கு அரிசி வாங்கக் கொடுத்தார். மகன் மையித்துக் குளிப்பாட்டும் முறையை வாப்பாவிடம் கற்றுக்கொண்டார். ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணியில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனை நடக்கும். பெரியவர் கடையை ஒரு மணி நேரம் அடைத்துவிட்டுப் போய் ஓரமாக நிற்பார். மகன் வரமாட்டார், அந்த ஒரு மணி நேரம் அடைத்த கடையின் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. கரண்ட் கம்பங்கள் வயலில் விழுந்து கிடந்தன. அடுத்த சில நாட்களில் பெரியவர் இறந்துபோனார். வயது எழுபத்தைந்துக்கு மேல், நோய் என்று பெரிதாக இல்லை.

மௌத்து அறிவிப்புக்குப் பள்ளிவாசல் மைக் வேலை செய்யவில்லை. ஊர்ப் பள்ளிப் பையன்களும் மர்கஸ் பையன்களும் தெருவைப் பிரித்துக்கொண்டு பைக்கில் போய் வீடு வீடாகச் சொன்னார்கள். குளிப்பாட்டியது மகன். சந்தூக்கைத் தூக்கியவர்கள் யார் யார் என்று எண்ண முடியாது. ஊர்ப் பள்ளிவாசலில் ஸஃப் கட்டியாயிற்று. ஊருக்கே அப்போது ஒரே கேள்விதான். பதினாலு வருஷமாக அந்த இமாமின் பின்னால் நிற்காதவர், வாப்பாவின் ஜனாஸாவுக்காவது நிற்பாரா? மகன் கடைசி வரிசைக்கும் கதவுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார்.

இமாம் திரும்பிப் பார்த்தார். வயதானவர், பெரியவரோடு ஒன்றாக ஓதியவர். "தம்பி, பிள்ளைக்குத்தான் முதல் உரிமை. நீங்க வந்து தொழ வைங்க" என்று சொல்லிவிட்டு, முன்னாலிருந்து விலகி முதல் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

மகன் நடந்து முன்னால் போனார். தொப்பி போட்டவர்களும் போடாதவர்களும் பின்னால் நிற்க, நான்கு தக்பீர். சலாம் கொடுத்தபிறகு கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. பிறகு சந்தூக்கு மையவாடிக்குப் புறப்பட்டது. நல்லவேளை, மையவாடி மட்டும் ஊருக்கு ஒன்றுதான்.

மூன்றாம் நாள் வீட்டில் பாத்திஹா ஓதினார்கள், உம்மாவின் விருப்பம். மகன் வரவில்லை, அன்று முழுக்க வேளாங்கண்ணி கடையில் இருந்தார். காலையில் மட்டும் ஒரு மூட்டை பொன்னி அரிசி வண்டியில் வந்து வாசலில் இறங்கியது. சமையல்காரர் சீட்டைப் பார்த்தார், யார் அனுப்பியது என்று உம்மாவிடம் கேட்டார்.

"கடைலேருந்து வந்திருக்கு. நீங்க உலையை வைங்க" என்றார் உம்மா.