பண்ணை முட்டையும் அடை முட்டையும்

பால்வாடி என்றால் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் தூங்க வைக்கும் இடம் என்றுதான் ஊரில் பலரும் நினைப்பார்கள். 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே முன்பருவக் கல்வியும் அதில் ஒரு பங்கு. கொல்லிமலை அடிவாரத்தில், எங்கள் காளப்பநாயக்கன்பட்டியில் அங்கன்வாடி டீச்சராக இருந்தபோது நான் அதிகம் ரசித்துச் செய்தது அந்த வேலையைத்தான்.

வாசலில் ஓர் எலுமிச்சைச் செடி இருந்தது. கொழுந்து இலையில் கேழ்வரகை விடச் சின்னதாக, மஞ்சள் நிறத்தில் பட்டாம்பூச்சி முட்டை வைக்கும். மூன்று நான்கு நாளில் புழு வரும். முதலில் பார்த்தால் காக்கை எச்சம் போலவே இருக்கும். பறவைகள் ஏமாந்து விட்டுவிடும். வளர்ந்த பிறகு இலைப் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், உடனே இன்னொரு தடவை பார்க்கத் திரும்பி வருவார்கள்.

இதையே விளையாட்டாகவும் செய்வோம். சாமை முட்டை, பச்சைத் துணியைத் திரித்தால் புழு, புளியங்காய் கூட்டுப்புழு, வண்ணக் காகிதம் பட்டாம்பூச்சி. கோலத்தில் வட்டம் போட்டு வரிசையாக வைக்க வேண்டும். பிறகு அவர்களே முட்டையாகச் சுருண்டு படுத்து, புழுவாக ஊர்ந்து, என் பழைய சேலைக்குள் அசையாமல் கிடந்து, கையை விரித்து எழுவார்கள். அசையாமல் கிடப்பதுதான் அவர்களுக்குப் பெரிய சிரமம்.

எரிக் கார்ல் 1969-இல் எழுதிய பசிக்காரப் புழுவின் கதைப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. படத்தைக் காட்டி நம் பேச்சில் சொல்லுவேன். அந்தப் புழு கேக், ஐஸ்கிரீம் எல்லாம் தின்னும். "நம்ம புழுவும் திங்குங்களா டீச்சர்?" என்று கேட்டார்கள். முறுக்குத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இலையைத்தான் தின்றது. கதையில் நடப்பது வேறு, செடியில் நடப்பது வேறு என்று நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? கதைப் புழு கூடு கட்டிக்கொள்ளும். எங்கள் புழு பட்டுப்புழு மாதிரி கூடு கட்டாமல், இடுப்பில் ஒரே ஒரு நூலைக் கட்டிக்கொண்டு குச்சியில் சாய்ந்து நின்றது. சுமார் பத்து நாளில் பட்டாம்பூச்சி வெளியே வந்தது.

இந்தப் பாடம் ஒருமுறை எனக்கே சோதனையாகிவிட்டது. ஒரு பையன் தன் பாட்டி வீட்டில் கூடைக்குள் அடைகாத்த நாட்டுக்கோழியை நாள் தவறாமல் பார்த்தவன். 21-ஆம் நாள் ஓடு உடைந்து குஞ்சு வந்ததைக் கண்ணாலேயே பார்த்துவிட்டான். மறுநாள் மையத்தில் கொடுத்த அவித்த முட்டையைத் தள்ளி வைத்துவிட்டான். "உள்ள குஞ்சு இருக்குதுங்க டீச்சர், பாவம்" என்றான். எடை அட்டையில் அவன் புள்ளி எப்போதும் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். அவனுக்கு முட்டை மிகவும் அவசியம்.

"இது மரத்துல காய்ச்சதுன்னு சொல்லிடுங்க" என்றார் அவன் அம்மா. எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணால் பார்த்ததை நம்பு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அதே வாயால் பொய் சொன்னால் அவன் எதை நம்புவான்?

நாமக்கல் வட்டாரத்துப் பிள்ளைக்குக் கோழிப்பண்ணை புதிதல்ல. "உங்க பாட்டி வீட்ல சேவல் இருக்குதா?" என்றேன். "இருக்குதுங்." "பண்ணையில?" யோசித்தான். இல்லை என்று அவனே சொன்னான். சேவல் சேராமலும் கோழி முட்டையிடும், ஆனால் அந்த முட்டையை எத்தனை நாள் அடைவைத்தாலும் குஞ்சு வராது என்று சொன்னேன். முட்டையை அவன் கையாலேயே இரண்டாகப் பிட்டுப் பார்க்கச் சொன்னேன். வெள்ளையும் மஞ்சளும் தவிர வேறொன்றும் இல்லை. அன்றைக்கும் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அடுத்த வாரம் வெள்ளையை மட்டும் தின்றான். முழு முட்டைக்கு வர ஒரு மாதம் ஆனது. அதற்குள் மற்ற பிள்ளைகளுக்கும் அவனே சேவல் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தான்.

பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. எலுமிச்சை இலையில் எச்சம் போல ஏதாவது தெரிந்தால் உடனே தட்டிவிடாதீர்கள். இரண்டு இலை போனால் போகட்டும். பிள்ளையைத் தூக்கிக் காட்டி, தினம் ஒருமுறை பார்க்க விடுங்கள். கேட்கிற கேள்விக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லுங்கள், போதும்.