ஒப்புக்குச் சப்பாணி

சின்ன வயசுல தெருவுல விளையாடினவங்க எல்லாருக்கும் இந்த வார்த்தை தெரிஞ்சிருக்கும். ரெண்டு டீம் பிரிச்சு முடிச்ச பிறகு ஒரு பொடியன் மிஞ்சுவான். யாரோட தம்பியாவது இருப்பான், சேர்க்கலைன்னா வீட்டுல போய் அழுவான். அதனால "இவன் ஒப்புக்குச் சப்பாணி"ன்னு சொல்லிச் சேர்த்துக்குவோம். ரெண்டு பக்கமும் ஆடுவான். அவுட் ஆனாலும் அவுட் கிடையாது, அடிச்ச ரன்னும் கணக்குல வராது.

மும்பைக்கு மாத்தலாகி வந்தப்போ இங்கேயும் அதே ஆள் இருக்கறதைப் பார்த்தேன். இந்தியில 'கச்சா லிம்பு', மராத்தியில 'லிம்பு டிம்பு'. எலுமிச்சங்காய்! பேரு நல்லாத்தான் இருக்கு. நம்ம பேருலதான் ஒரு சங்கடம். சப்பாணின்னா கால் விளங்காதவர். அவர் ஆட்டத்துல இருந்தாலும் கணக்குல இல்லைன்னு மொழியே முடிவு பண்ணி வச்சிருக்கு.

இதை இவ்வளவு யோசிக்க வச்சது எங்க குடியிருப்புல போன வருஷம் நடந்த கிரிக்கெட் போட்டி. முலுண்ட்ல இருக்கோம். குடியரசு தினத்தை ஒட்டி வருஷா வருஷம் அண்டர்ஆர்ம் கிரிக்கெட் நடக்கும். தெரியாதவங்களுக்கு: கட்டடங்களுக்கு நடுவுல கார்களை நகர்த்தினா கிடைக்கிற இடம்தான் மைதானம். டென்னிஸ் பந்து. டீமுக்கு ஏழு பேர், ஆறு ஓவர். பந்தைக் கீழ்க்கையாத்தான் போடணும். முதல் மாடிக்கு மேல அடிச்சா அவுட். ஒரு குத்து குத்தி எழும்பின பந்தை ஒத்தைக் கையால பிடிச்சாலும் அவுட். எல்.பி.டபிள்யூ. கிடையாது, ஏன்னா அம்பயர் மேல யாருக்கும் நம்பிக்கை கிடையாது :-)

நான் கமிட்டியில பொருளாளர். பி.காம். படிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டுறவனுக்கு எந்த ஊர்லயும் எந்தக் கமிட்டியும் வேற பதவி தராது.

தரைத்தளத்துல ஒருத்தர் இருக்கார். எனக்கு ரெண்டு மூணு வயசு மூத்தவர். நான் அவரை 'தாதா'ம்பேன் (மராத்தியில அண்ணன்), அவர் என்னை 'அண்ணா'ம்பார். யார் யாருக்கு அண்ணன்ங்கறது இன்னும் தீராத வழக்கு. குழந்தையில போலியோ. இடது காலுக்கு கேலிப்பர், கையில ஊன்றுகோல். பதினோரு வருஷமா அவர்தான் ஸ்கோரர். அவரை யாரும் ஒதுக்கலை, முதல் டீ அவருக்குத்தான் போகும். ஆனா "நீங்க ஆடுறீங்களா?"ன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. போன வருஷம் நுழைவுக் கட்டணம் 200 ரூபாயை என் கையில கொடுத்துட்டு, "ஆடுறவங்க லிஸ்ட்ல என் பேரை எழுதுங்க அண்ணா"ன்னார்.

அன்னைக்கு ராத்திரி கமிட்டி கூடுச்சு. மூணு ஆட்சேபணை வந்துச்சு. ஒண்ணு, விழுந்துட்டா யார் பொறுப்பு? ரெண்டு, ரன்னர் கொடுத்தா அந்த டீமுக்கு லாபம், வேகமா ஓடுற பையனை அனுப்பிடுவாங்க. மூணாவது ஆசாமி செல்போன்ல சட்டப் புத்தகத்தையே எடுத்து வாசிச்சார். அவர் சொன்னது தப்பே இல்லை. எம்.சி.சி. விதிகள்ல 25வது விதிப்படி, மேட்ச் நடக்கும்போது பட்ட காயத்துக்கு மட்டும்தான் ரன்னர் உண்டு. சர்வதேச ஆட்டங்கள்ல ஐ.சி.சி. 2011 அக்டோபர்லேர்ந்து அதையும் எடுத்துட்டாங்க. பிறந்த வருஷம் வந்த போலியோவுக்கு ரன்னர் கேட்டா புத்தகம் இல்லைன்னுதான் சொல்லும்.

தாதா பக்கம் பேசினவங்க உடனே சந்திரசேகரை இழுத்தாங்க. போலியோவுல சூம்பின வலது கையாலேயே பந்து போட்டு 58 டெஸ்ட்ல 242 விக்கெட் எடுத்தவர். 1971ல ஓவல்ல 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணுல நம்ம முதல் டெஸ்ட் வெற்றிக்கு வழி பண்ணினவர். இன்னொருத்தர் பட்டோடியைச் சொன்னார். 1961ல கார் விபத்துல வலது கண் பார்வை போச்சு, அடுத்த வருஷமே 21 வயசுல இந்தியாவுக்குக் கேப்டன்.

எல்லாம் உண்மை. ஆனா எனக்கு என்னவோ இந்த உதாரணங்கள் ஒத்து வரலை. அவங்க ரெண்டு பேருக்கும் யாரும் விதியை ஒரு அங்குலம்கூட நகர்த்த வேண்டியிருக்கலை. அவ்வளவு பெரிய திறமை. அவங்களைக் காட்டிப் பேசினா, "நீயும் 242 விக்கெட் எடு, சேர்த்துக்கறோம்"னு சொல்ற மாதிரி ஆயிடுது. மத்த ஆறு பேரை நாம அப்படியா சேர்க்கிறோம்? எங்க டீம்ல ஒருத்தர் நாலு வருஷத்துல மொத்தம் ஒன்பது ரன். (நான்தான். ஹி ஹி.)

பார்வையில்லாதவங்க கிரிக்கெட்தான் சரியான உதாரணம்னு எனக்குத் தோணுச்சு. பந்துக்குள்ள குண்டுமணி போட்டிருக்கும், சத்தத்தை வச்சு ஆடுவாங்க. கீழ்க்கையாலதான் போடணும், ஆடுகளத்துல பாதியைத் தாண்டறதுக்குள்ள ஒரு தடவை குத்தணும். 11 பேர்ல குறைஞ்சது 4 பேர் முழுக்கப் பார்வை இல்லாதவங்களா இருக்கணும். அவங்க எடுக்கிற ரன் ரெண்டு மடங்கு. அவங்க ஒரு குத்து விட்டுப் பிடிச்சாலும் கேட்ச். 1998ல டெல்லியில முதல் உலகக் கோப்பை நடந்துச்சு, 2014லயும் 2018லயும் நாம ஜெயிச்சோம். அந்த விதிகளோட ஆடிப் பாருங்க, அது எவ்வளவு கடுமையான ஆட்டம்னு தெரியும்.

மீட்டிங்ல நான் சொன்னது இதுதான்: "முதல் மாடிக்கு மேல அடிச்சா அவுட்னு எந்தப் புத்தகத்துல இருக்கு? கண்ணாடி உடையுதுன்னு நாம போட்ட விதி. ஜன்னலுக்காக விதியை மாத்தினோம், மனுஷனுக்காக மாத்தக்கூடாதா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் செயலாளர் அம்மா சொன்னாங்க, "அவரையே கூப்பிட்டுக் கேளுங்களேன்." ஒரு மணி நேரமா அவரைப் பத்திப் பேசறோம், அவர் பத்தடி தள்ளி வீட்டுக்குள்ள இருக்கார்!

வந்தார். அவர்கிட்ட பட்டியல் தயாரா இருந்துச்சு. பதினோரு வருஷம் ஸ்கோர் எழுதினவராச்சே. கடைசியில முடிவானவை:

1. பேட்டிங்குக்கு ரன்னர் உண்டு. அவர் டீம் ஆளுங்கள்ல யார் ஓடணும்னு எதிரணிக் கேப்டன் டாஸ் போடும்போதே சொல்லிடணும். (லாபம்ங்கற பேச்சு இதோட முடிஞ்சது.)

2. ஃபீல்டிங்ல அவருக்குச் சுவரோரம் ஒரு இடம். பக்கத்துல ஒரு நாற்காலி, ஓவருக்கு நடுவுல உட்கார.

3. பந்து ஊன்றுகோல்ல பட்டா? இதுல பெரிய சண்டை. 28வது விதிப்படி ஃபீல்டர் உடம்பால மட்டும்தான் பந்தைத் தடுக்கலாம், வேணும்னே வேற பொருளால தடுத்தா 5 ரன் அபராதம். தாதா ஒரே வரியில முடிச்சார்: "இது பொருள் இல்லை, என் கால்." அப்படியே எழுதிக்கிட்டோம்.

4. மெதுவாப் போடறது, அவுட்டைக் கண்டுக்காம விடறது, ரெண்டாவது சான்ஸ் எதுவும் கிடையாது. இது அவர் போட்ட நிபந்தனை. "கச்சா லிம்பு ஆக்கினா நான் ஸ்கோர் எழுதவே போயிடறேன்."

பந்து போடறதுக்கு விதியே தேவைப்படலை. கீழ்க்கையால நின்ன இடத்துலேர்ந்து போடறது, எல்லாருக்கும் அதேதான்.

மூணாவது மாடியில பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன், பிறவியிலேயே இடது முழங்கைக்குக் கீழ கை இல்லை. அவனுக்கும் ஏதாவது விதி வேணுமான்னு கேட்டோம். "ஒண்ணும் வேண்டாம் அங்கிள், ஒத்தைக் கை கேட்ச்தான் ஏற்கெனவே இருக்கே"ன்னுட்டு ஓடிட்டான். ஒருத்தருக்கு நாலு விதி வேணும், இன்னொருத்தருக்கு எதுவும் வேண்டாம். கேட்டாத்தான் தெரியுது.

2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இதுக்கு ஒரு கோட்பாடே இருக்கு. அளவுக்கு மீறின சுமை இல்லாம செய்யக்கூடிய தேவையான மாற்றங்களைச் செஞ்சு தரணும். அதே சட்டத்தோட 30வது பிரிவு விளையாட்டைப் பத்தியே பேசுது. பேங்க்ல சாய்தளம், 4 சதவீத இட ஒதுக்கீடுன்னு நான் ஃபைல்ல பார்த்த சட்டம். எங்க போட்டியில ஆன செலவுக் கணக்கு: நாற்காலி ஒண்ணு (கிளப் ஹவுஸ்ல இருந்தது), ரன்னர் நிக்க சாக்பீஸ் கோடு ஒண்ணு. மொத்தம் பூஜ்யம். பொருளாளர் கையெழுத்துப் போட்டுட்டார்.

முதல் மேட்ச்ல தாதா மூணாவது பந்துல போல்டு. போட்டது பன்னிரண்டு வயசுப் பையன். கையைத் தூக்கிக் குதிச்சவன், சட்டுன்னு பயந்து நின்னுட்டான். சுத்தி இருந்தவங்க எல்லாரும் கப்சிப். தாதா பேட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "அச்சா பால் தா"ன்னு அவனைப் பார்த்துச் சொன்னதும்தான் அவன் மறுபடி குதிச்சான். ரெண்டாவது மேட்ச்ல பதினாலு ரன். சுவரோரம் ஊன்றுகோலால ஒரு பவுண்டரியைத் தடுத்தார், எதிரணி முறையீடு பண்ணுச்சு, 3வது விதியைக் காட்டினோம். அவங்க முறைச்சாங்க. யாரும் பரிதாபப்படாம முறைச்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

போலியோ நம்ம நாட்டுல ஒழிஞ்சதா 2014ல உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சாச்சு, இனி இந்தப் பிரச்சனை வராதுன்னு நினைக்காதீங்க. சர்க்கரை வியாதியில காலை இழந்தவங்க, ரயில் விபத்துல அடிபட்டவங்க, முட்டி தேஞ்ச நம்ம அப்பா அம்மா, அப்புறம் நாமளே. வரிசை நீளம்.

பொங்கல் வந்தா வெளியூர்த் தமிழ்ச் சங்கங்கள்ல லெமன் ஸ்பூன், மியூசிக்கல் சேர், கயிறு இழுக்கறதுன்னு களை கட்டும். பேர் கொடுக்கிற படிவத்துல ஒரே ஒரு வரி சேருங்க: "உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு தேவையா?" வர்ற பதிலைப் பார்த்து விதியை எழுதிக்கலாம்.

எங்களுக்கு இப்போ ஒரே ஒரு கஷ்டம், நல்ல ஸ்கோரர் கிடைக்கலை. ஒன்பது ரன் எடுத்த அந்த ஆளைத்தான் உட்கார வச்சிருக்காங்க :-)