முகமதிப்பு

ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாடலுக்கு ஒரு கதை உண்டு. நீரில் மூழ்கிக்கொண்டிருந்த ஒருவனை இன்னொருவன் காப்பாற்றாமல் வேடிக்கை பார்த்தானாம். அதைக் கண்ட காலின்ஸ், பின்னாளில் அந்த ஆளைக் கச்சேரிக்கு அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்து, இந்தப் பாடலைப் பாடினாராம். அப்படி எதுவும் நடக்கவில்லை. மணவாழ்க்கை முறிந்த நாட்களில் எழுதியது என்று காலின்ஸே பலமுறை சொல்லிவிட்டார். ஆனாலும் கதை ஓயவில்லை. ஒரு மணமுறிவுக்கா இத்தனை கோபம், பின்னால் ஏதோ குற்றம் இருந்தாக வேண்டும் என்று கேட்பவர்களுக்குத் தோன்றிவிடுகிறது.

அந்தப் பாடல் உள்ள 'ஃபேஸ் வேல்யூ' 1981 பிப்ரவரியில் வெளிவந்தது. நான் பிறந்த வருடம். ஜெனிசிஸ் குழுவின் டிரம்மராகவும் பிறகு பாடகராகவும் இருந்தவர் தன் பெயரில் செய்த முதல் ஆல்பம். மனைவி பிள்ளைகளோடு போய்விட்ட வீட்டில் தனியே உட்கார்ந்து பதிவு செய்தவற்றிலிருந்து வளர்ந்தது. அட்டையில் முகம் மட்டும், மிக நெருக்கத்தில். பங்குச் சந்தைத் தமிழில் 'முகமதிப்பு' என்கிறோமே, தலைப்பு அதுதான். பத்திரத்தில் அச்சிட்ட விலை ஒன்று. சந்தை அதற்கு வைக்கும் விலை வேறு.

மான்செஸ்டரில் முதுநிலை படித்தபோது சாரிட்டி கடையில் இரண்டு பவுண்டுக்கு வாங்கிய சிடி என்னிடம் இன்னும் இருக்கிறது. கணினி படித்தவனை முதலில் இழுத்தது அதன் இயந்திரம். பாடலைத் தொடங்கிவைப்பது 1978இல் வந்த ரோலண்ட் சிஆர்-78. தாளத்தை நாமே நிரல்படுத்தி நினைவில் வைக்கக்கூடிய முதல் கருவிகளில் ஒன்று. டிரம்மர் தன் டிரம்மைத் தொடாமல் மூன்றரை நிமிடத்துக்கு மேல் இயந்திரத்தை ஓடவிடுகிறார். பிறகு அந்த இடி.

இடியின் ஓசை அதற்கு முன்பே தற்செயலாகக் கிடைத்தது. பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்காக லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் காலின்ஸ் வாசித்தார். கலைஞர்கள் பேசுவது கட்டுப்பாட்டு அறைக்குக் கேட்பதற்காக வைத்திருந்த மைக், டிரம்மைப் பூதாகரமாக்கியது. அந்த முழக்கம் தானாக அடங்குமுன் அதை வெட்டி நிறுத்தினார் ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்ஜம். எண்பதுகளின் பாதிப் பாடல்கள் அந்த ஓசையில்தான் அதிர்ந்தன.

மாணவர் அறையில் எங்களுக்கு அந்த இடி போதும். இப்போது நான் கேட்பது அதற்கு முந்தைய மூன்றரை நிமிடத்தை. ஒன்றுமே நடக்காத நேரம் அது. பிரிவின் மாதங்களும் அப்படித்தான் போயின. காலையில் மகளுக்கு டப்பா கட்டுவது, ரயிலைப் பிடிப்பது, வக்கீலின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது.

எங்கள் மணவிலக்கு முடிந்து மூன்று வருடம் ஆகிறது. "என்னதான்டா நடந்துச்சு?" என்று திருச்சியிலிருந்து பெரியம்மா கேட்டார்.

"ஒண்ணும் நடக்கல பெரியம்மா. ஒத்துவரல."

"ஒண்ணும் நடக்காமலா கோர்ட்டு வரைக்கும் போனீங்க?"

பிறகு கதைகள் பிறந்தன. ஊரில் ஒன்று, இங்கே பொங்கல் விழாவின் சாப்பாட்டு வரிசையில் இன்னொன்று. ஒன்றில் நான் குடிகாரன். மற்றதில் அவள் சம்பளத் திமிர் பிடித்தவள். இரண்டிலும் யாராவது ஒருவர் மூழ்க வேண்டியிருந்தது.

ஆல்பத்தை முழுக்கக் கேட்கத் தொடங்கிய பிறகே 'ட்ரோண்ட்' என் காதில் நின்றது. கூரை ஒழுகும் ஏழைக் குடும்பத்தின் பாட்டு ஒன்று முடிந்த கையோடு தம்புரா எழும். அதன் மேல் வயலின். கூடவே, நமக்குப் பழகிய கொன்னக்கோல். வாசித்தவர் எல். சங்கர். சென்னையில் பிறந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தார். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் தமிழ்நாடு திரும்பியது. 'இன் தி ஏர் டுநைட்' பாடலிலும் சங்கரின் வயலின் உண்டு. இடிக்குக் காத்திருப்பவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

'ட்ரோண்ட்' பாடலில் வரிகள் இல்லை. கீழை ஞானம், ஊதுவத்தி வாசனை எதுவும் இல்லை. வீடு காலியான ஒருவனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். துக்க வீட்டில் எதையும் விசாரிக்காமல் அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் காப்பி போடும் உறவினர் ஒருவர் இருப்பாரே, அவரைப் போல.

போன மாதம் என் பதின்மூன்று வயது மகள் அந்த மூழ்கிய ஆளின் கதையைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்தாள். கட்டுக்கதை என்றேன். புருஷன் பெண்டாட்டி பிரிந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

"அப்போ யாருமே தப்பு செய்யலையாப்பா?"

"சின்னச் சின்னதா செஞ்சிருப்பாங்க. யாரும் யாரையும் மூழ்க விடல."

ஹெட்போனைக் காதில் மாட்டப் போனவள் நிறுத்தினாள்.

"அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க."