டிஸ்க்ல இடம் இருக்கு, ஆனா “இடமில்லை”ன்னு சொல்லுது

நம்ம கோயில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிற தொண்டூழியர்களுக்காக இதை எழுதறேன். வீட்டில் விழாப் படங்களைச் சேர்த்து வெச்சிருக்கிறவங்களும் படிங்க.

போன மாசம் ஒரு அக்கா வந்தாங்க. அவங்க அப்பா தவறிட்டார். அவர் கடைசியா காவடி எடுத்தப்போ பிடிச்ச படம் வேணும்னு கேட்டாங்க. படம் நம்ம லினக்ஸ் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. ஃபோல்டரைத் திறந்தா “அனுமதி இல்லை”ன்னு வந்தது. புதுப் படத்தை ஏத்திப் பார்த்தா “டிஸ்க்கில் இடமில்லை”ன்னு வந்தது. “டிஸ்க் போயிடுச்சு அண்ணே, ஃபார்மேட் பண்ணிடலாம்”னு ஒரு தம்பி சொன்னார். “பொறுப்பா, பத்து வருஷப் படம் உள்ளே இருக்கு”ன்னு சொல்லி நிறுத்தினேன்.

நான் படிச்சது ‘ஓ’ லெவல் வரைக்கும்தான். ஆனா துவாஸ்ல முப்பது வருஷமா மெஷினோட பழகறேன். அங்கே கத்துக்கிட்டது ஒண்ணு: மெஷின் நின்னா முதல்ல அளந்து பார், அப்புறம் கழட்டு.

‘டிஎஃப் -ஹெச்’னு அடிச்சேன். 32 ஜிபி-யில் பாதிக்கு மேல காலி. அடுத்து ‘டிஎஃப் -ஐ’ அடிச்சேன். அதுல 100 சதவீதம் தீர்ந்துபோயிருந்தது. அது ‘ஐநோடு’ கணக்கு.

ஐநோடுன்னா என்ன? அன்னதானத்தை நினைச்சுக்குங்க. அண்டா நிறைய சாதம் இருக்கு, ஆனா வாழை இலை தீர்ந்துபோச்சு. அடுத்த பந்தியை உட்கார வைக்க முடியுமா? லினக்ஸ்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு இலை வேணும். ஃபைல் பெருசோ சின்னதோ, இலை ஒண்ணுதான். எக்ஸ்ட்4 டிஸ்க்ல வழக்கமா 16,384 பைட்டுக்கு ஒரு இலை. 32 ஜிபி-க்கு சுமார் 21 லட்சம். டிஸ்க்கைத் தயார் பண்ணும்போதே இது முடிவாயிடும். அதே அளவு டிஸ்க்ல அப்புறம் கூட்ட முடியாது.

அவ்வளவையும் யார் தின்னது? செருப்பு வைக்கிற இடத்துல இருக்கிற கேமரா. நொடிக்கு ஒரு குட்டிப் படம், ஒரு நாளைக்கு 86,400. இருபத்துநாலு நாள்ல 20 லட்சம் தாண்டிடும். பழசை அழிக்கிறதுக்குத் தினமும் ராத்திரி ஒரு வேலை ஓடணும். அது ஓடியும் ஒண்ணுமே அழியலை.

காரணம், டிஸ்க்கைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்தினது. லினக்ஸ் டிஸ்க்ல உரிமையாளரோட பேரை எழுதாது, எண்ணைத்தான் எழுதும். பழைய கம்ப்யூட்டர்ல தொண்டூழியர் கணக்கோட எண் 1000. புதுசுல அது 1001. பேர் ஒண்ணுதான், ஆனா டிஸ்க்குக்கு நாம வேத்து ஆள். அதனாலதான் படமும் திறக்கலை, பழசும் அழியலை. ரெண்டு கோளாறுக்கும் வேர் ஒண்ணுதான்.

ஃபோல்டர் அனுமதியில மூணு எழுத்து இருக்கு. ‘ஆர்’ இருந்தா உள்ளே இருக்கிற பேர்களைப் பார்க்கலாம். ‘எக்ஸ்’ இருந்தாத்தான் உள்ளே போகலாம். கருவறையை வெளியில நின்னு தரிசிக்கலாம், உள்ளே போறது அர்ச்சகர் மட்டும்தானே, அந்த மாதிரி. ‘டபிள்யூ’வும் ‘எக்ஸ்’ஸும் சேர்ந்து இருந்தா ஃபைல் சேர்க்கலாம், அழிக்கலாம். அழிக்கிற உரிமை ஃபைல்ல இல்லை, ஃபோல்டர்ல இருக்குங்கிறதை மறந்துடாதீங்க. வழியில இருக்கிற எல்லா ஃபோல்டருக்கும் ‘எக்ஸ்’ வேணும். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல கிளம்பின காவடி டேங்க் ரோடு போய்ச் சேரணும்னா நடுவுல ஒரு சந்திப்புகூட அடைபடக் கூடாது இல்லையா?

“சிஹெச்மோட் 777 போட்டா எல்லாம் திறந்துக்கும்”னு ஒருத்தர் சொன்னார். திறக்கும்தான். உண்டியல் சாவியை வாசல்ல தொங்கவிட்ட மாதிரி, உள்ளே கணக்கு வெச்சிருக்கிற யார் வேணும்னாலும் அழிக்கவும் செய்யலாம். அது வேண்டாம்னேன்.

முதல்ல அட்மின் உரிமையில படங்களை வேற எக்ஸ்ட்4 டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். ஃபேட்32 பென்டிரைவ் இந்த அனுமதி விவரம் எதையும் வெச்சுக்காது. அப்புறம் ‘சிஹெச்ஓன்’ போட்டு உரிமையாளர் எண்ணை மாத்தினோம். கேமரா படங்களை ‘ஆர்எம்’ போட்டு மொத்தமா அழிக்கப் பார்த்தா “பட்டியல் ரொம்ப நீளம்”னு மறுத்துடுச்சு. ‘ஃபைண்ட்’ கட்டளையில ஒவ்வொண்ணா அழிச்சோம். அன்னிக்கு ராத்திரியே அந்த அக்காவுக்குப் படத்தை அனுப்பினேன். நெத்தியில திருநீறு, தோள்ல காவடி, முகத்துல சிரிப்பு. “அப்பா இப்படிச் சிரிச்ச படம் வேற எங்ககிட்ட இல்லை”ன்னு பதில் போட்டாங்க.

தம்பி தங்கைகளே, இனிமே மாசம் ஒரு தடவை ‘டிஎஃப் -ஹெச்’, ‘டிஎஃப் -ஐ’ ரெண்டையும் பாருங்க. கேமராவுக்குத் தனி பார்ட்டிஷன் கொடுங்க, விழாப் படத்தோட கலக்க வேண்டாம். படங்களை ஆண்டுவாரியா பிரிச்சு வைங்க. பழைய எக்ஸ்ட்3 டிஸ்க்ல ஒரு ஃபோல்டருக்குள்ள 31,998 உள்ஃபோல்டருக்கு மேல போட முடியாது. டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் மாத்தினா உரிமையாளர் எண்ணைச் சரிபாருங்க. நகல் இல்லாம ஃபார்மேட்ல கை வைக்காதீங்க.

அடுத்த தைப்பூசத்துக்கு முன்னாடி இதை ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து செஞ்சு காட்டறேன். வர்றவங்க கீழே பேர் போடுங்க. முருகன் துணை.