வீடா, ஆபீஸா?

2020 மார்ச் ஊரடங்கில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போன ஐடிக்காரர்கள் ஏராளம். ஓஎம்ஆர் நெரிசல் இல்லை, சென்னை வாடகை இல்லை. இப்போது காற்று திரும்பிவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் வரச் சொல்லிவிட்டது அமேசான்.

வீட்டிலிருந்தாலும் வேலை நடக்கும், உண்மைதான். ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளைகள் பக்கத்து சீட் சீனியரைப் பார்த்துத்தான் தொழில் கற்கிறார்கள். பெண்களுக்கோ அடுப்படியும் மீட்டிங்கும் ஒரே நேரத்தில். "வீட்லதானே இருக்கே" என்ற பேச்சு வேறு.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. சாஃப்ட்வேர் கம்பெனியான ஜோஹோ 2011-லேயே தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் திறந்தது. ஊரிலேயே வாழ்க்கை, நாலு பேரோடு வேலை. என் ஓட்டு இதற்குத்தான். மதுரை, நெல்லை, சேலம் என்று இன்னும் நிறைய கம்பெனிகள் வரட்டும். நீங்க என்ன சொல்றீங்க?