பஞ்சுவுக்குக் காது கேக்காது



எங்க வீட்டு நாய் பேரு பஞ்சு. ராஜபாளையம் இனம். உடம்பு பால் வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம், என் இடுப்பு உயரம் இருக்கும். 2005-ஆம் ஆண்டு வந்த தபால்தலையில் இந்த இன நாயின் படம் இருக்கிறது. அப்படிப் பெருமையான நாயை யாரோ கண்மாய்க்கரை மரத்தில் கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. கழுத்தில் சங்கிலி அறுத்த புண். நானும் அப்பாவும் அவிழ்த்துக் கூட்டி வந்தோம்.

புண் ஆறியது. ஆனால் சொன்ன பேச்சு கேட்கவில்லை. "வா" என்றால் வராது, "உக்காரு" என்றால் உட்காராது. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று தாத்தா கம்பை என்னிடம் கொடுத்தார். நானும் அடித்தேன். பஞ்சு ஓடல, கடிக்கல. நின்ற இடத்திலேயே ஒண்ணுக்குப் போயிருச்சு. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

அடுத்த வாரம் தாத்தா கம்பை எடுத்ததுமே உறுமியது. "பெரிய நாய், பிள்ளைங்க இருக்கிற வீடு. ஒரு மாசம் பார்ப்போம். இல்லேன்னா தோப்புக் காவலுக்கு விட்டுருவோம்" என்று அப்பா சொல்லிட்டார். அந்தத் தோப்பில் நாய்களை அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.

வெறிநாய்த் தடுப்பூசி போடப் போனோம். டாக்டர் பஞ்சுவுக்குப் பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். நாங்க திடுக்கிட்டோம். பஞ்சு திரும்பவே இல்லை. "இதுக்குக் காது கேக்காதும்மா. வெள்ளை நாய்ங்கள்ல சிலது பிறவியிலேயே இப்படி இருக்கும். நீ எதுக்கு அடிக்கிறேன்னே அதுக்குத் தெரியாது. பயந்தாதான் கடிக்கும். கையால ஜாடை காட்டு, செஞ்ச உடனே தின்னக் கொடு" என்றார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் 5 நிமிஷம். அவித்த முட்டைத் துண்டை அதன் மூக்குக்கு மேலே தூக்குவேன். தலை நிமிரும், பின்பக்கம் தானாகவே தரையில் உட்காரும். உடனே கொடுப்பேன். பின்னாலிருந்து தொட மாட்டேன். காலால் தரையைத் தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்பும். வண்டிச் சத்தம் கேட்காது என்பதால் வெளியே கயிறு இல்லாமல் விடுவதில்லை. சில நாளில் வெறுங்கையைத் தூக்கினாலே உட்கார்ந்தது!

மாசம் முடிந்தது. அப்பா தோப்புப் பேச்சையே எடுக்கல. தாத்தாவின் கம்பு இப்போது புடலங்கொடிக்கு ஊன்றுகோல்.

நாயோ, மனுஷரோ, பேச்சு கேக்கலன்னு அடிக்கும் முன்னாடி, சொன்னது போய்ச் சேர்ந்துச்சான்னு பாருங்க. பஞ்சுவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஜாடை தெரியல. அதனால் தினமும் முட்டையில் ஒரு துண்டு கூடவே கொடுக்கிறேன்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி